வெள்ளைப் பின்னணி

முசஃபாவில் என் கடை.
விசாவுக்கு, லேபர் கார்டுக்கு, லைசென்ஸுக்கு
ஒரு நாளைக்கு நாற்பது முகம்.
காது தெரியணும், மூக்குக்கண்ணாடி கழற்றணும்.
பதினொரு வருஷத்தில் ஐந்து மொழியிலும்
நான் தடுமாறாமல் சொல்லும் ஒரே வாக்கியம்:
சிரிக்காதீங்க.

டிசம்பரில் ஒருவன் வந்து
கல்யாணம் எடுப்பீங்களா என்றான்.
எத்தனை பேர் வருவாங்க?
விரல் விட்டு எண்ணினான்.
உங்களையும் சேர்த்து அஞ்சு.

ஜனவரியில் ஒரு வியாழன்.
சாலை முழுக்கப் பனிமூட்டம்.
கம்பத்தைக் காணோம், பலகையைக் காணோம்,
எண்பது என்ற எண் மட்டும் அந்தரத்தில் மின்னியது.
கோர்ட் வாசலில் கேமராவைத் திறந்தால்
லென்ஸுக்கு வேர்த்திருந்தது.
சட்டை நுனியால் துடைத்தேன்
(தொழிலில் செய்யக் கூடாது, செய்தேன்).

எப்சிபா இரவு ஷிப்ட் முடிந்து
ஆஸ்பத்திரிக் கழிவறையில் பட்டுடுத்தி வந்திருந்தாள்.
சேலைக்குக் கீழே அதே வெள்ளை ஷூ.
இளவழுதி கிரேன் ஓட்டுபவன்.
புதுச் சட்டையில் பெட்டியின் மடிப்பு
சிலுவைபோல் விழுந்திருந்தது;
காலரில் ஒரு குண்டூசியை எடுக்க மறந்திருந்தான்.
அவளுக்கு அறைத்தோழி ஜோவலின்.
அவனுக்கு, கீழே நின்று கை காட்டும் நவாஸ் கான்,
பழுப்புச் சால்வையும் கையில் ஒரு கிலோ பேரீச்சையுமாக.

டோக்கன் முப்பத்தேழு.
அதிகாரியம்மா கேட்டார். இவன் யெஸ் என்றான்.
அவளும் சொன்னாள், இருமலுக்கு நடுவே.
கெட்டிமேளத்துக்கு யாரும் கை காட்டவில்லை,
பிரிண்டர் தானாகவே இரைந்தது.
மோதிரம் அவன் விரல் முட்டியைத் தாண்டவில்லை.
அவள் பையிலிருந்து சானிடைசர் எடுத்து
இரண்டு சொட்டு விட்டுத்
திருகி ஏற்றினாள், நோயாளியிடம் சொல்வதுபோல
அவ்வளவுதான், அவ்வளவுதான் என்றபடி.
பன்னிரண்டு நிமிஷம்.
நான் எடுத்தது எழுபத்து நாலு.
அதில் பதினொன்று ஃபோகஸ் இல்லை;
என் கை அப்படி நடுங்கும் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்ததும் அவள்தான் கேட்டாள்.
அண்ணா, தனித்தனியா ஒண்ணு எடுத்துடுங்க,
வீட்டுக்கு அனுப்பணும்.
செடி ஓரம் நின்றாள்,
மோதிரக் கையைப் பின்னால் மறைத்து.
சட்டகத்துக்கு ஓரடி வெளியே இவன்,
அவள் கைப்பையைச் சுமந்துகொண்டு.
மூட்டத்தில் நிழல் விழாதது வசதி
என்று நினைத்து முடிக்கவில்லை,
இரண்டாவது படத்துக்குள் வெயில் வந்துவிட்டது.
அவள் காலடியில் அவன் தலையின் நிழல்.

வெட்டிடவா என்றேன்.
திரையை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
முகத்தைப் பெரிதாக்கவில்லை.
இருக்கட்டும், என்றாள்.
அம்மா நிழலையெல்லாம் பார்க்க மாட்டாங்க.
கொஞ்சம் கழித்து,
பார்த்தா பார்க்கட்டும்.

நவாஸ் கான் பேரீச்சையைப் பிரித்தான்.
காவலாளிக்கும் ஒன்று.

மத்தியானம் இருவரும் என் கடைக்கே வந்தார்கள்.
குடும்ப விசாவுக்குப் படம் வேணும்,
வெள்ளைப் பின்னணி.
முதலில் அவன் உட்கார்ந்தான்.
குண்டூசி இன்னும் காலரில். நான்தான் எடுத்தேன்.
சிரிக்காதீங்க என்றேன்.
உதட்டை மடித்தான், கன்னம் கேட்கவில்லை.
திரைச்சீலைக்கு அப்பால் அவள் கொல்லென்று.
மறுபடி.
கண்ணை உருட்டி, மூச்சை அடக்கி, மறுபடி.
ஆளுக்கு ஆறு வீணாகி
ஏழாவதில்தான் கவுன்ட்டர் ஏற்கும் முகங்கள் கிடைத்தன,
யாரோ இரண்டு பேருடையவைபோல.

பன்னிரண்டையும் அழிக்கணும்.
மெமரி கார்டில் இடம் கம்மி.
வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள்,
அடுத்தவர் வந்து ஸ்டூலில் அமர்ந்து
காதோரம் முடியை ஒதுக்கி
என்னையே பார்க்கிறார், நான் சொல்வதற்காக.